அடியில் சிமெண்ட், இடுப்பில் ஆணி

தெருமரம் சாய்ந்தால் காற்றைத்தான் திட்டுகிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பெயர்த்துப் போட்டபோதும் அப்படித்தான். ஆனால் மரம் சாய்வதற்கான ஏற்பாட்டை நாம் பல வருஷம் முன்பே தொடங்கிவிடுகிறோம்.

வேர் தண்ணீர் குடிப்பதோடு மூச்சும் விடுகிறது. மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை இரண்டடி ஆழத்துக்குள் பரவிக் கிடப்பவை. தூரை ஒட்டி பேவர் பிளாக் பதித்து, இடுக்கில் கலவையும் பூசிவிட்டால் காற்றும் போகாது, மழையும் இறங்காது. மழைநீர் வடிகால் தோண்டும் ஜேசிபி ஒரு பக்க வேரை அறுத்துவிட்டுப் போகும். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழிப்பார்கள். பாரம் மறுபக்கம் சாயும். அதற்குப் பிறகு புயலுக்குப் பெரிய வேலை இல்லை.

இழப்பது என்ன என்பதை இஸ்திரி வண்டிக்காரரும் இளநீர் விற்பவரும் நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். கூரை நிழல் வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். மரமோ இலை வழியே நீரை ஆவியாக விடும்போது சுற்றியுள்ள சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக மரங்களை வெட்டும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு இந்த இழப்பைப் பணமாகவே கணக்கிட்டது: ஒரு மரத்தின் மதிப்பு, அதன் வயதை 74,500 ரூபாயால் பெருக்கினால் வரும் தொகை. 2021-இல் வந்த கணக்கு இது. ஐம்பது வயது மரம் என்றால் 37 லட்சத்துக்கு மேல்! அதில்தான் ‘டியூஷன் எடுக்கப்படும்’ தகரத்தை ஆணியடித்து மாட்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? கர்நாடகத்துக்கு 1976-லும் டெல்லிக்கு 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதிகளுக்கு மட்டுமே. சமவெளி நகரங்களில் நமக்குக் கைகொடுப்பது 2021 அரசாணை. அதன்படி அமைந்த மாவட்டப் பசுமைக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். பொது இடத்து மரத்தை வெட்ட அந்தக் குழுவின் அனுமதி வேண்டும். ஆகவே ரம்பத்தோடு ஆள் வந்தால் சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பசுமைக் குழு ஆர்டர் எங்கே?” பதில் இல்லையென்றால் படம் எடுத்துக்கொண்டு, சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கும், மற்ற ஊர்களில் நகராட்சிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் உடனே சொல்லுங்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் ஆகலாம், ரம்பம் அதுவரை காத்திருக்காது. சாலை விரிவாக்கம் வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதே போட்டு வைத்தால்தான் பயன்.

மரத்தின் தூரைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் கூடாது, ஆணியும் பலகையும் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அது டெல்லிக்கான உத்தரவுதான்; ஆனாலும் உங்கள் மனுவில் எடுத்துக் காட்டத் தடையில்லை.

ஒற்றை ஆளின் மனுவைவிடத் தெருவே சேர்ந்து நிற்பதற்கு வலு அதிகம். பெங்களூரில் இரும்பு மேம்பாலத்துக்காக 812 மரங்கள் போகவிருந்தபோது, 2016 அக்டோபரில் மக்கள் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். அடுத்த மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது.

மரத்தால் வரும் ஆபத்தையும் மறைக்க வேண்டாம். 1964-இல் டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் தலையில் பட்டுப்போன மரத்தின் கிளை முறிந்து விழுந்து அவர் இறந்தார். மரத்தைக் கவனிக்காமல் விட்டது மாநகராட்சியின் பொறுப்பு, இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1999-இல். முப்பத்தைந்து வருஷம்! அதனால் காய்ந்த கிளை, பொந்து விழுந்த தண்டு, திடீரென்று ஒருபக்கம் சாய்ந்த மரம் கண்ணில் பட்டால் வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நாளை வழக்கு என்று வந்தால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அவர்கள் கைவிரிக்க முடியாது.

மனுவை ஐப்பசி பிறக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு அந்த அலுவலகங்களில் போன் எடுக்க ஆள் இருக்காது.