வேகத்துக்கு என்ன விலை?

நாவலூரில் நான் வசிக்கும் அடுக்ககத்தில், கார் வாங்கும் வயதில் உள்ள தகவல் தொழில்நுட்ப இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் ஃபோர்டு ஃபால்கன், ஹோல்டன் கொமடோர் என்ற இரு பெயர்கள் அடிக்கடி அடிபடும். இரண்டும் ஆஸ்திரேலியாவில் உருவான வேகக் கார்கள். இன்று உற்பத்தியில் இல்லாதவை. “சார், நீங்கள் பொருளாதாரம் நடத்தியவர். இவற்றில் எது கொடுத்த காசுக்குத் தகும்?” என்று ஒருவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால், அதற்கு விடை தேடப் புகுந்தால் நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகர்வரை வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

காருக்கு நாம் கொடுப்பது ஒரே பொருளுக்கான விலை அல்ல. எஞ்சின் ஆற்றல், எடை, நீளம், வசதி எனப் பல பண்புகள் அடங்கிய ஒரு மூட்டைக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறோம். அந்த மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு பண்புக்கும் சந்தை என்ன விலை வைக்கிறது என்று கணக்கிடும் முறையை 1939-இல் ஆண்ட்ரூ கோர்ட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கார்களைக் கொண்டே விளக்கினார். எடை, சக்கர இடைவெளி, குதிரைத்திறன் ஆகியவற்றை அவர் எடுத்துக்கொண்டார். மூன்றும் எளிதில் அளக்கக்கூடியவை. வளைவில் கார் எப்படித் திரும்புகிறது, அவசரத்தில் பிரேக்கை மிதித்தால் நேராக நிற்கிறதா என்பவை அந்தக் கணக்கில் இல்லை. இன்றைய விளம்பரங்களிலும் அவற்றுக்குப் பெரிய இடமில்லை.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். 2002-இல் வந்த ஃபால்கன் எக்ஸ்ஆர்6 டர்போவில் 4.0 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் 240 கிலோவாட் ஆற்றல் தந்தது. அதே வரிசையில் எட்டு சிலிண்டர் கொண்ட எக்ஸ்ஆர்8 தந்தது 260. பின்னர் 2006-இல் ஹோல்டன் வெளியிட்ட வி.இ. வரிசைக் கொமடோர் எஸ்எஸ், 6.0 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினில் 270 கிலோவாட்டைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில் ஃபோர்டின் ஆறு சிலிண்டர் டர்போவும் அதே 270-ஐ எட்டிவிட்டது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தி அனுப்புவதே டர்போவின் வேலை. காற்று கூடினால் எரிக்கும் எரிபொருளும் கூடலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல உழைக்கும். இந்த உண்மைக்கும் நம் ஊர் வரிச் சட்டத்துக்கும் உள்ள உறவைப் பின்னால் காண்போம்.

விலையை ஆற்றலால் வகுத்துப் பார்த்தால் சுவையான ஒன்று தெரிகிறது. உற்பத்தி முடிவுக்கு வந்த 2016-இல் ஃபோர்டு விடைபெறும் பதிப்புகள் இரண்டை வெளியிட்டது. 325 கிலோவாட் எக்ஸ்ஆர்6 ஸ்பிரிண்டின் விலை 54,990 ஆஸ்திரேலிய டாலர். 345 கிலோவாட் எக்ஸ்ஆர்8 ஸ்பிரிண்டின் விலை 59,990. ஒரு கிலோவாட்டுக்கு முறையே 169, 174 டாலர். பெரிய வேறுபாடில்லை. ஆனால், ஹோல்டனின் சிறப்புப் பிரிவு 2017-இல் விற்ற 474 கிலோவாட் டபிள்யூ1 காரின் விலை 1,69,990 டாலர். அதாவது, கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 359. கடைசிச் சில கிலோவாட்டுகளுக்கு வாங்குபவர் தருவது ஆற்றலின் விலையை அல்ல, அருமையின் விலையை. 1971-இன் ஃபால்கன் ஜிடி-எச்ஓ மூன்றாம் கட்டக் கார் ஒன்று, ஒரு காலத்தில் வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சன் வைத்திருந்தது, 2018-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதைக் காரின் விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கையாளுமை. நான் இவற்றை ஓட்டிப் பார்த்தவன் அல்லன்; பொறியமைப்பைப் படித்தே சொல்கிறேன். இரண்டிலும் பின்சக்கரங்களே காரை உந்தும். இரண்டிலும் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே அசையும். ஆனால், ஃபால்கனின் ஆறு சிலிண்டர் எஞ்சின் கட்டை வார்ப்பிரும்பு. கொமடோரின் எட்டு சிலிண்டர் எஞ்சினோ அலுமினியம். மூக்கில் எடை கூடினால் வளைவில் கார் தயங்கித் திரும்பும். எஞ்சினுக்காக ஃபால்கன், சட்டகத்துக்காகக் கொமடோர் என்பதே என் தீர்ப்பு. அந்தச் சட்டகத்தை உருவாக்க ஹோல்டன் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. இரண்டரைக் கோடி மக்கள்கூட இல்லாத ஒரு நாட்டுக்கு அது தாங்குமா?

தாங்கவில்லை. 1980-களில் 57.5 விழுக்காடாக இருந்த இறக்குமதித் தீர்வை, ஜான் பட்டன் என்ற அமைச்சர் 1984-இல் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழியே படிப்படியாகக் குறைந்து, 2010-இல் 5 விழுக்காட்டில் நின்றது. சுரங்க ஏற்றுமதியால் ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு உயர்ந்தது. வாடிக்கையாளர்கள் பெரிய செடான் கார்களைக் கைவிட்டனர். ஃபோர்டு 2016 அக்டோபரில் ஆலையை மூடியது. டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 அக்டோபரில் மூடின.

இனி மறைமலை நகர். உள்நாட்டுச் சந்தையை நம்பிய ஆஸ்திரேலிய ஆலைகளுக்கு நேர் எதிரானது ஃபோர்டின் இந்த ஆலை. ஈக்கோஸ்போர்ட் கார்கள் இங்கிருந்து அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாயின. ஆயினும், பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தது. 2022-இல் கடைசிக் கார் வெளியேறியது. 1999-இல் ஐகான் காரின் 1.6 லிட்டர் எஞ்சினால் ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு வேகத்தின் சுவையைக் காட்டிய ஆலை அது.

அந்த ஆலையில் 2013-இல் நடந்த ஒன்றை வகுப்பறையில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஈக்கோஸ்போர்ட் இரண்டு பெட்ரோல் எஞ்சின்களுடன் வந்தது. 1.5 லிட்டர் எஞ்சினின் ஆற்றல் 112 குதிரைத்திறன். ஈக்கோபூஸ்ட் எனப்பட்ட 1.0 லிட்டர் டர்போ எஞ்சினின் ஆற்றல் 125. எதற்கு வரி அதிகம்? ஆற்றல் குறைந்ததற்கு! 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் (டீசலுக்கு 1,500) கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24-இலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. எளிய குடும்பத்துக்குச் சிறிய கார் என்பதே நோக்கம். டர்போ அந்த வரையறையைப் பொருளற்றதாக்கிவிட்டது. கொள்ளளவு இன்று ஆற்றலுக்கும் அளவுகோல் அல்ல, எரிபொருள் செலவுக்கும் அல்ல. அப்படியிருந்தும், 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த புதிய சரக்கு-சேவை வரி விகிதங்களும் அதே கோட்டைத்தான் பிடித்திருக்கின்றன: கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 விழுக்காடு, அந்தப் பக்கம் 40.

இதன் விளைவை ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் காணலாம். 2010 முதல் சில ஆண்டுகள் இங்கு உருவான ஐ20 கார்கள்தாம் ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்டன. 2021-இல் அங்கு அறிமுகமான வேகக் காரான ஐ20 என், துருக்கியில் உருவானது; 1.6 லிட்டர், 204 குதிரைத்திறன். நமக்குக் கிடைப்பது ஐ20 என் லைன், 1.0 லிட்டர், 120 குதிரைத்திறன். பெயரில் ஒரு சொல்தான் கூடுதல். 2021-இல் இங்கு தொடக்க விலை 9.84 லட்சம் ரூபாய். அங்கு அறிமுக விலை 32,490 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 17.5 லட்சம். வகுத்துப் பாருங்கள்: ஒரு குதிரைத்திறனுக்கு இங்கு 8,200 ரூபாய், அங்கு சுமார் 8,600. ஏமாற்றமில்லை என்று தோன்றும். ஆனால், வளைவில் ஒரு சக்கரம் வீணாகச் சுழலாமல் காக்கும் பற்சக்கர அமைப்பு அந்தக் காரில் உண்டு, நம் காரில் இல்லை. மறுபுறம், நம் என் லைனின் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வைத்திருக்கிறார்கள். சாதாரண ஐ20-ஐவிட விறைப்பான சஸ்பென்ஷனும் உண்டு. 2021-இல் அதே எஞ்சின் சாதாரண ஐ20-இலும் கிடைத்தது. என்னைக் கேட்டால், கூடுதல் பணத்தை எஞ்சினுக்குத் தராமல் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் தருவது புத்திசாலித்தனம்.

வேகத்துக்கு இன்னொரு விலை உண்டு. அதை வாங்குபவர் செலுத்துவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை 120 ஆக்கினால் மோதலின் ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். பழைய மாமல்லபுரம் சாலையில் நள்ளிரவில் சீறிச் செல்லும் காரின் இன்பம் ஓட்டுபவருக்கு. அபாயம் ஏகாட்டூரில் சாலையைக் கடக்கும் துப்புரவுப் பணியாளருக்கு. 1972-இல் சிட்னி நாளிதழ் ஒன்று மணிக்கு 160 மைல் ஓடும் ‘சூப்பர் கார்கள்’ கடைகளுக்கு வரப்போகின்றன என்று எழுதியதும் எழுந்த எதிர்ப்பில், ஜிடி-எச்ஓ நான்காம் கட்டத் திட்டமே கைவிடப்பட்டது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் நடத்தும் பந்தயத் தடம் 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலேயே இருக்கிறது. வேகத்துக்கு அது இடம்.

வரியைப் பொறுத்தவரை மாற்று எளிதானது. கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்பது ஒவ்வொரு மாடலுக்கும் ஏற்கெனவே அளக்கப்படுகிறது. நிறுவனங்களின் சராசரி எரிபொருள் திறன் நெறிமுறைகளுக்காக 2017 முதலே அந்தக் கணக்கு அரசிடம் இருக்கிறது. நீளத்தையும் கொள்ளளவையும் விட்டுவிட்டு, அந்த எண்ணையும் மோதல் சோதனை மதிப்பெண்ணையும் வரிக்கு அடிப்படையாக்கலாம். மறைமலை நகரில் 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள் உருவாக்க ஃபோர்டு 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. முதல் எஞ்சின் வெளிவருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன; வரி மன்றம் கூடிப் பேச அது போதுமான அவகாசம்.