இயந்திரத்துக்கு இலட்சங்கள், வயருக்கு மிச்சக்காசா?

இரத்தினபுரி, கேகாலை பகுதிகளில் தேயிலைத் தொழிற்சாலை நடத்தும் நம்மவர்கள் கணினிக் கட்டுப்பாடு பற்றி விசாரிக்கிறார்கள். கொழுந்து வாட்டும் தொட்டியின் காற்றாடி, உலர்த்தியின் வெப்பம், நிறம் பிரிக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் ஈத்தர்நெட் வயரில் இணைக்கலாம். ஆனால் இயந்திரத்துக்கு இலட்சக்கணக்கில் செலவிடுபவர்கள் வயருக்கு மாத்திரம் மலிவு விலை தேடுவதையே நான் காண்கிறேன்.

ஈத்தர்நெட், 1973இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் அலுவலகக் கணினிகளுக்காகப் பிறந்தது. அலுவலகத்தில் கடிதம் சற்றுத் தாமதமாக அச்சானால் நட்டமில்லை. தொழிற்சாலையில் உலர்த்தி நின்றாலும் அரைத்த கொழுந்தின் நொதித்தல் நிற்காது. நேரம் தவறினால் தரம் கெடும். கொழும்பு ஏலத்தில் விலையும் விழும்.

ஆகவே சில விடயங்களைக் கவனியுங்கள்.

சாதாரண செப்பு வயரை 100 மீற்றருக்கு மேல் இழுக்கக் கூடாது. சப்ரகமுவவில் இடி மின்னல் அதிகம். கட்டடத்துக்குக் கட்டடம் செல்லும் செப்பு வயர் மின்னலின் பாய்ச்சலையும் உள்ளே கொண்டுவரும். அங்கே கண்ணாடி இழைக் கேபிளே பொருத்தம். உலோகம் கலவாத இழை மின்சாரத்தைக் கடத்தாது. மின் இணைப்புக்குப் பாதுகாப்புக் கருவியும் முறையான நிலத்தொடுப்பும் தனியாக வேண்டும்.

சுவிட்சுகளை வளையமாக இணைத்தால், ஓரிடத்தில் வயர் அறுந்தாலும் தகவல் மறுபக்கத்தால் போய்ச்சேரும். ஆனால் வளையத்தை நிர்வகிக்கும் வசதியில்லாத மலிவு சுவிட்சுகளை இப்படி இணைத்தால், தகவல்கள் முடிவின்றிச் சுழன்று முழு வலையமைப்பும் முடங்கும். உலர்த்திக்கு அருகே வெப்பமும் தூசும் தாங்கும் தொழிற்சாலைத் தர சுவிட்சே தேவை.

கண்காணிப்புக் கமெரா, அலுவலகக் கணினி ஆகியவற்றை இயந்திர வலையமைப்பிலிருந்து பிரித்து வையுங்கள். வலையமைப்பு அறுந்தாலும் ஒவ்வொரு இயந்திரமும் தானாகவே பாதுகாப்பான நிலைக்கு வரவேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானுக்குத் தனி வயர் இருக்கட்டும். உதிரி சுவிட்ச் ஒன்றும் அதன் அமைப்புகளின் பிரதியும் தொழிற்சாலையிலேயே இருக்கட்டும். நள்ளிரவில் கொழும்பிலிருந்து ஆள் வந்துசேரும் வரை கொழுந்து காத்திருக்காது.

விலைமனுவில் இவை அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள். இறுதித் தவணையைக் கொடுக்குமுன், உலர்த்தியில் கொழுந்து இல்லாத நேரம் பார்த்து, வளையத்தில் ஒரு வயரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வேலை தடைப்படாவிட்டால் காசோலையில் கையெழுத்திடலாம்.