உங்களுக்குத் தெரியுமா? - பனி பூட்டிய ஊர்களில் கொலை

● நார்வேயில் ஈஸ்டர் விடுமுறை வந்தால் துப்பறியும் நாவல்களுக்குக் கொண்டாட்டம். ஜனங்கள் மலைமேல் இருக்கும் மரவீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பகலில் பனிச்சறுக்கு, ராத்திரியில் கொலைக்கதை. வழக்கம் தொடங்கியது 1923-இல். நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளைஞர்கள் பெர்கன் ரயில் கொள்ளையடிக்கப்படுவதாக ஒரு நாவலைப் புனைபெயரில் எழுதினார்கள். பதிப்பகம் அந்த நாவலின் தலைப்பையே விளம்பரமாக்கி, மார்ச் 24 அன்று ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழின் முதல் பக்கத்தில் போட்டது: ‘பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளை’. செய்தி என்றே நம்பிப் பதறியவர்கள் பலர். நூறு வருஷம் தாண்டியும் வழக்கம் விடவில்லை. ஈஸ்டர் சமயத்தில் பால் விற்கும் அட்டைப்பெட்டிகளில்கூடக் குட்டித் துப்பறியும் கதை அச்சாகி வருகிறது.

● அதே பெர்கன் ரயில் பாதையில் ஃபின்ஸே என்று ஒரு நிலையம். கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரம். நார்வே ரயில்வேயில் இதைவிட உயரமான நிலையம் கிடையாது. ஊருக்குக் கார் போகும் சாலை இல்லை. அன்னே ஹோல்ட் 2007-இல் எழுதிய நாவலின் பெயரே ‘1222’. பனிப்புயலில் ரயில் தடம்புரள்கிறது, பயணிகள் பக்கத்து ஹோட்டலில் ஒதுங்குகிறார்கள், கொலை விழுகிறது. கதையைச் சொல்லும் முன்னாள் போலீஸ் அதிகாரி சக்கர நாற்காலியில் இருப்பவர். வெளியே யாரும் போக முடியாத இடத்தில், உள்ளேயும் நகரச் சிரமப்படும் ஒருத்தியை உட்காரவைத்ததுதான் ஹோல்ட்டின் கெட்டிக்காரத்தனம். இவர் 1996-97-இல் நார்வேயின் நீதித்துறை அமைச்சராக இருந்தவர்.

● அகதா கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ வெளிவந்தது 1934-இல். அதற்குப் பின்னால் நிஜமான இரண்டு சம்பவங்கள் உண்டு. 1929 குளிர்காலத்தில் அந்த ரயில் துருக்கியின் செர்கெஸ்கோய் அருகே பனியில் புதைந்து நாள் கணக்கில் நின்றது. 1931 டிசம்பரில் கிறிஸ்டியே அதே ரயிலில் வந்தபோது மழை வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட, நடுவழியில் மாட்டிக்கொண்டார். சக பயணிகள் ஒவ்வொருவரும் எப்படிப் பேசினார்கள், எதற்குப் புலம்பினார்கள் என்று கணவருக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். நாவலில் வெள்ளத்தை விட்டுவிட்டுப் பனியை எடுத்துக்கொண்டார். வெள்ளம், வந்தவன் தடத்தை அழித்துவிடும். பனி, யாராவது வெளியே ஓடியிருந்தால் காட்டிக்கொடுக்கும். ஆக, கொலையாளி இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறான் என்பது வாசகனுக்கு உறுதியாகிறது. பனி இப்படிக் கதையில் வேலை பார்க்க வேண்டும். அழகுக்காகப் பின்னணியில் கொட்டிக்கொண்டிருக்கும் கதைகள் என்னை இழுப்பதில்லை.

● பனியில் பதிந்த காலடியை அச்செடுப்பது லேசான காரியம் இல்லை. மண்ணில் என்றால் அச்சு மாவைக் கரைத்து ஊற்றிவிடலாம். ஆனால் அந்த மாவு இறுகும்போது சூடாகும். பனி உருகி, தடயமே போய்விடும். அதனால் முதலில் சிவப்பு மெழுகைத் தள்ளி நின்று மெல்லிய படலமாகத் தெளிக்கிறார்கள். காயவிட்டு மறுபடி தெளிக்கிறார்கள். வெள்ளைமேல் வெள்ளையாகக் கண்ணுக்குப் பிடிபடாத ஷூவின் வரிகள் அந்தச் சிவப்பில் எழுந்து நிற்கும். அதன்பிறகு ஐஸ் தண்ணீரில் கரைத்த மாவை ஊற்றுவார்கள். இன்னொரு முறை கந்தகம். உருக்கி, சற்று ஆறவிட்டு ஊற்றினால் பனியைத் தொட்ட மாத்திரத்தில் கெட்டியாகிவிடும்.

டென்மார்க் எழுத்தாளர் பீட்டர் ஹோவின் ‘ஸ்மில்லா’ (1992) காலடித் தடத்தில்தான் தொடங்குகிறது. கோபன்ஹேகனில் பனி மூடிய கூரையிலிருந்து ஒரு சிறுவன் விழுந்து இறக்கிறான். விளையாடும்போது தவறிவிட்டான் என்கிறது போலீஸ். கிரீன்லாந்துத் தாய்க்குப் பிறந்த ஸ்மில்லா அந்தத் தடங்களைப் பார்க்கிறாள். விளையாடும் பிள்ளையின் ஓட்டம் அது இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இந்த வகையில் ஒரே ஒரு நாவலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

● குளிர், பிணத்தின் கடிகாரத்தை நிறுத்திவிடும். உடல் விறைப்பது தாமதமாகும், அழுகல் அநேகமாக நடக்காது. இறந்து ஒரு வாரமா, இரண்டு மாதமா என்று சொல்ல மருத்துவர் திணறுவார். மார்ட்டின் குரூஸ் ஸ்மித்தின் ‘கார்க்கி பார்க்’ (1981) மாஸ்கோப் பூங்காவில் பனிக்கடியிலிருந்து கிடைக்கும் மூன்று உடல்களோடுதான் ஆரம்பிக்கிறது.

● கடுங்குளிரில் சாகப்போகிறவர்கள் சில சமயம் உடைகளைத் தாங்களே கழற்றி எறிந்துவிடுவார்கள். தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களை உடல் அதுவரை இறுக்கிப் பிடித்திருக்கும். கடைசியில் அந்தப் பிடி தளர்ந்து, வெதுவெதுப்பான ரத்தம் தோலுக்குப் பாயும்போது உடம்பு பற்றி எரிவதுபோல் இருக்கும். அரைகுறை ஆடையோடு கிடக்கும் உடலைப் பார்த்துப் பாலியல் வன்முறை என்று விசாரணை திசைமாறிய வழக்குகள் உண்டு.

● உரால் மலையில் 1959 பிப்ரவரியில் நடந்த தியாத்லோவ் கணவாய்ச் சம்பவம் எத்தனையோ த்ரில்லர்களுக்குத் தீனி போட்டது. பனிச்சறுக்கில் போன ஒன்பது பேர் கூடாரத்தை உள்ளிருந்து கிழித்துக்கொண்டு இரவில் ஓடி இறந்துகிடந்தார்கள். பெரும்பாலோர் காலில் சரியான காலணி இல்லை. ரகசிய ஆயுதம், வேற்றுக்கிரகவாசி என்று என்னென்னவோ பேசப்பட்டது. ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் யோஹான் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் இருவரும் 2021-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: கூடாரத்துக்காகச் சரிவை வெட்டியதும், காற்று கொண்டுவந்து குவித்த பனியும் சேர்ந்து, சில மணிநேரம் கழித்து பலகைபோலப் பெயர்ந்து விழும் ஒரு சின்னப் பனிச்சரிவை உண்டாக்கியிருக்க முடியும். அந்தக் கணக்குக்குக் கைகொடுத்தது டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ படத்தில் பனியை அசைத்த கணினி நிரல்.

● ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. ரோந்து போகும் போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி இருக்காது. ஒரு கொலைகூட நடக்காத ஆண்டுகள் உண்டு. அங்கிருந்துதான் உலகமே படிக்கும் கொலைக்கதைகள் வருகின்றன. அவற்றை எழுதுபவர்களில் ரக்னர் யோனாசன் பதினேழு வயதிலேயே கிறிஸ்டியை மொழிபெயர்க்கத் தொடங்கி, 14 நாவல்களை ஐஸ்லாந்து மொழிக்குக் கொண்டுவந்தவர். அவருடைய ‘ஸ்னோபிளைண்ட்’ நடப்பது வடகோடியில் இருக்கும் சிக்லுஃபியோர்தூர் என்ற மீன்பிடி ஊரில். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை அந்த ஊரில் சூரியன் மலைக்குமேல் எழும்புவதில்லை. 2022-இல் அவரோடு சேர்ந்து ‘ரேக்யவிக்’ என்ற துப்பறியும் நாவலை எழுதியவர் கத்ரீன் யாகோப்ஸ்தோத்திர். அப்போது அவர் நாட்டின் பிரதமர்.

ஆனாலும் என் மனசில் நிற்பது ஆர்னல்தூர் இந்த்ரிதாசன் படைத்த இன்ஸ்பெக்டர் எர்லெந்தூர். சிறுவயதில் பனிப்புயலில் தம்பியின் கையை நழுவவிட்டவர். தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு, பனியில் காணாமல்போனவர்கள் பற்றிய பழைய புத்தகங்களே அவருக்கு ராத்திரித் துணை. கொலையாளியைப் பிடித்தபிறகும் தீராத ஒரு வழக்கை நாயகனுக்குள்ளேயே வைத்துவிட்டார் ஆர்னல்தூர்.

● இருட்டும் பனியும் இருந்தால்தான் பயமா? நார்வேப் படம் ‘இன்சோம்னியா’ (1997) நடப்பது சூரியன் மறையாத கோடையில். குற்றவுணர்ச்சியில் தூக்கம் வராத துப்பறிவாளர் திரைச்சீலைகளை இழுத்துவிட்டும் வெளிச்சம் ஓயாது. 2002-இல் கிறிஸ்டோபர் நோலன் இதை அலாஸ்காவுக்கு மாற்றி, அல் பசீனோவை வைத்து எடுத்தார்.

● நார்வேயின் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் முதல் வங்கிக் கொள்ளை நடந்தது 2018 டிசம்பரில். ஊருக்கு வெளியே போனால் பனிக்கரடி வரும் என்பதால் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும் இடம் அது. கொள்ளையடித்தவரின் கையில் இருந்ததும் வாடகைத் துப்பாக்கிதான். தப்ப வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். சீக்கிரமே பிடிபட்டார்.

● தென்துருவத்தின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் குளிர்காலத்துக்கு முன் கடைசி விமானம் கிளம்பியதும், தங்கியிருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஜான் கார்பென்டரின் ‘த திங்’ (1982) பார்ப்பது வழக்கம். அண்டார்டிக்க முகாமில் யாரை நம்புவது என்று தெரியாமல் தவிக்கும் மனிதர்களின் கதை.

அதே நிலையத்தில் 2000 மே மாதம் ஓர் ஆஸ்திரேலிய வானியற்பியலாளர் திடீரென்று நோயுற்று இறந்தார். விமானம் வரப் பல மாதம் ஆகும். அதுவரை உடல் அங்கேயே வைக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிரேதப் பரிசோதனை நடந்தபோதுதான் மெத்தனால் விஷம் என்று தெரிந்தது. அது எப்படி அவர் உடலுக்குள் போனது என்பதை மரண விசாரணையால் 2008-லும் சொல்ல முடியவில்லை.

● நான் படித்ததிலேயே விசித்திரமான நிஜ வழக்கு இது. ஆர்க்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்த டி-3 என்ற பனித்தீவில் அமெரிக்க ஆய்வு முகாம். 1970 ஜூலையில் அங்கிருந்தவர்கள் 19 பேர். திராட்சையில் காய்ச்சிய மதுவை எடுத்ததில் தொடங்கிய தகராறில் துப்பாக்கி வெடித்து, முகாம் தலைவர் இறந்தார். எந்த நாட்டில் நடந்தது இது? நிலம் இல்லை, கப்பல் இல்லை. கனடாவுக்குப் பக்கம், ஆனால் கனடாவின் எல்லைக்குள் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை ஏற்றிவந்த விமானம் வர்ஜீனியாவில் இறங்கியதால் வழக்கு அங்கே நடந்து, தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீட்டில் 1972-இல் அதிகார வரம்புக் கேள்வியில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். ஆனால் தண்டனையை ரத்து செய்தார்கள். போலீஸ் இல்லாத, மருத்துவ வசதி இல்லாத, அறைகளுக்குப் பூட்டுகூட இல்லாத ஓர் இடத்தில் ஒருவன் நடந்துகொண்டதை வர்ஜீனியாவின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. விசையை அழுத்தாமலே அந்தத் துப்பாக்கி வெடிக்கக்கூடியது என்பதும் வெளிவந்திருந்தது. மறுவிசாரணையில் அவர் விடுதலையானார்.

● அண்டார்டிக்காவில் மைத்ரி, பாரதி என்று இந்தியாவுக்கும் நிலையங்கள் உண்டு. அங்கே குற்றம் நடந்தால் யார் விசாரிப்பது, எங்கே வழக்கு நடப்பது என்பதை 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய அண்டார்டிக் சட்டம் எழுதிவைத்திருக்கிறது.