ஒரு சோறு பதமாகாத பானை

2021 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை காலை. அக்கா மகன் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தானே தவிர குடிக்கவில்லை. டீயின் மேல் ஏடு படிந்துவிட்டது. இரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்த ஆட்டத்தை இரண்டரை மணிவரை விழித்திருந்து பார்த்திருக்கிறான். இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் புது சீசன், முதல் ஆட்டம். 74 வருடம் கழித்து முதல் டிவிஷனுக்குத் திரும்பி வந்திருந்த பிரென்ட்ஃபர்டிடம் அவனுடைய ஆர்சனல் 2-0 என்று தோற்றுப்போயிருந்தது.

"அவ்வளவுதான் மாமா. இந்த சீசன் முடிஞ்சுபோச்சு. கோச்சைத் தூக்கினாத்தான் உருப்படுவோம்."

"ஒரே மேட்ச்தானே ஆச்சு?" என்றேன்.

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது: "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க?"

அன்று காலை லண்டனிலும் சென்னையிலும் லாகோஸிலும் ஆர்சனல் ரசிகர்கள் கிட்டத்தட்ட இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். அக்கா சொன்ன பழமொழியும் பொய் இல்லை. ஆனால் அது எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்று பார்த்துவிட்டால், சீசன் தொடக்கத்துத் தோல்வியைப் பற்றி எல்லோரும் செய்கிற ஒரு தவறு விளங்கிவிடும். டீயைச் சூடு பண்ணிக்கொண்டு வாருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

பானையில் இருக்கிற அத்தனை அரிசியும் ஒரே மூட்டையிலிருந்து வந்தது. ஒரே தண்ணீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்தது. அதனால்தான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடுகிறது. பிரிமியர் லீக்கில் ஒரு அணிக்கு 38 ஆட்டம். எதிரே வருகிற அணி ஒவ்வொரு தடவையும் வேறு. நம் பக்கம் இறங்குகிற 11 பேரும் மாறுகிறார்கள். அது ஒரு பானை அல்ல, 38 தனித்தனி உலை. அதில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மற்ற 37-க்கும் தீர்ப்பு சொல்ல முடியாது.

இதற்கு மேல் கால்பந்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. இது கோல் குறைவாக விழுகிற விளையாட்டு. கிரிக்கெட்டில் டி20 என்றாலும் ஒரு அணிக்கு 120 பந்து உண்டு. பத்துப் பந்து வீணானாலும் ஈடுகட்ட வாய்ப்பிருக்கிறது. கால்பந்தில் இரண்டு அணியும் சேர்ந்தே ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோல் அளவுக்குத்தான் அடிக்கின்றன. எண்ணிக்கை இவ்வளவு சின்னதாக இருந்தால் அதிர்ஷ்டத்துக்கு இடம் பெரிதாகிவிடும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தாயம் விளையாட உரசுவோமே, அந்த மாதிரி ஒரு புளியங்கொட்டையைத் தரையில் உரசி வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். உரசாத ஒன்பது கொட்டையோடு அதை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிடுங்கள். கோலை நோக்கி அடிக்கிற ஒரு ஷாட் ஏறக்குறைய இதுதான்: பத்தில் ஒன்று உள்ளே போகும், ஒன்பது போகாது. இப்படி 20 தடவை எடுத்தால் எத்தனை வெள்ளை வரும்? இரண்டு என்பீர்கள். சராசரிக்கு அது சரி. ஆனால் அந்த 20-இல் ஒரு வெள்ளைகூட வராமல் போவதற்கும் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நன்றாக ஆடி 20 ஷாட் அடித்த அணியும் எட்டு ஆட்டத்துக்கு ஒரு தடவை கோல் இல்லாமல் வீடு திரும்பலாம். கொட்டையிலும் கோளாறு இல்லை, எடுத்த கையிலும் இல்லை.

இந்தக் கணக்கை வைத்துத்தான் இப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்புப் போடுகிறார்கள். எங்கிருந்து அடித்தது, எந்தக் கோணம், தலையாலா காலாலா என்று பார்த்து, இதே மாதிரி ஷாட் முன்பு நூற்றுக்கு எத்தனை உள்ளே போயிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். பெனால்டி என்றால் நூற்றில் 75-க்கு மேல். முப்பது கெஜத்திலிருந்து என்றால் இரண்டோ மூன்றோதான். ஒரு அணியின் ஷாட்டுகளையெல்லாம் இப்படிக் கூட்டினால் கிடைக்கிற எண்தான் 'எக்ஸ்ஜி'. மாவு எவ்வளவு இருந்தது, எத்தனை தோசை வந்திருக்க வேண்டும் என்று சொல்கிற கணக்கு. வார்த்ததில் கிழிந்தது எத்தனை என்பது வேறு.

அன்று பிரென்ட்ஃபர்ட் அடித்த இரண்டாவது கோலைப் பாருங்கள். 73-வது நிமிடம். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஒருவர் கையால் பந்தை நீளமாக வீசுகிறார். அது கோல் வாய்க்கு நேரே போய் விழுந்து ஒரு குதி குதிக்கிறது. கோல்கீப்பரை ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆர்சனல் தடுப்பாட்டக்காரர்கள் ஆளாளுக்குப் பந்தைப் பார்க்கிறார்கள், ஒருவர் காலும் எழவில்லை. கிறிஸ்டியன் நோர்கார்ட் தலையால் தட்டிவிட்டார். அதைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். தவறு நிஜமான தவறுதான். அதிர்ஷ்டம் என்று சொல்லி அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. பிரென்ட்ஃபர்ட் நீள வீச்சை மணிக்கணக்காகப் பயிற்சி செய்கிற அணி, அந்தப் பாராட்டு அவர்களுக்குரியது. நாம் கேட்க வேண்டியது வேறு: இதே தவறு இன்னும் 37 ஆட்டத்திலும் நடக்குமா?

அதற்கு, அன்று உலையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கோல் அடிக்கிற இரண்டு பேர், ஒபமெயாங்கும் லகாசெட்டும், உடம்பு சரியில்லாமல் வரவில்லை. தடுப்பாட்டத்தின் தூண் கப்ரியேலுக்குக் காயம். பென் ஒயிட்டுக்கு அந்த அணியில் அதுதான் முதல் லீக் ஆட்டம். கோல்கீப்பர் ராம்ஸ்டேலும் நடுக்கள ஆட்டக்காரர் ஓடகார்டும் ஒரு வாரம் கழித்துத்தான் ஒப்பந்தமானார்கள். தோமியாசு வந்தது ஆகஸ்ட் 31, ஆட்டக்காரர்களை வாங்குவதற்கான கடைசி நாள். ஆக, சீசன் முழுவதும் ஆடப்போகிற அணியை அக்கா மகன் அன்று ராத்திரி இன்னும் பார்க்கவே இல்லை.

தோல்வி அதோடு நிற்கவும் இல்லை. அடுத்த ஆட்டம் அப்போதைய ஐரோப்பிய சாம்பியன் செல்சியோடு, 0-2. அதற்கடுத்தது லீக் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியோடு, 0-5. மூன்று ஆட்டம், புள்ளி இல்லை, அடித்த கோல் இல்லை, வாங்கியது 9. இருபது அணியில் இருபதாவது இடம். "இப்ப என்ன சொல்றீங்க மாமா?" என்று பட்டியலை ஃபோனில் நீட்டினான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறோம். பட்டியலில் ஒரு அணியின் இடத்தைப் பார்க்கிறோம். அந்த இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று பார்ப்பதில்லை. ஓட்டப்பந்தயத்தில் பத்தடி ஓடியதும் ஒரு படம் எடுத்தால் அதிலும் முதல் ஆள், கடைசி ஆள் என்று இருக்கத்தான் செய்வார்கள். எல்லோரும் ஒரு கைநீட்டுத் தூரத்துக்குள் நிற்பார்கள், அவ்வளவுதான். ஆகஸ்டில் ஒரே ஒரு வெற்றி ஒரு அணியை ஏழெட்டு இடம் ஏற்றிவிடும். அதே வெற்றி மார்ச்சில் ஒரு இடம்கூட நகர்த்தாமல் போகலாம். இடம் என்பது நாற்காலி வரிசை மாதிரி. யார் முன்னால் என்று சொல்லும், எவ்வளவு முன்னால் என்று சொல்லாது.

அந்த ஆகஸ்ட் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அடியில் மூன்று அணி, மூன்றுக்கும் பூஜ்யம் புள்ளி: வுல்வ்ஸ், நார்விச், ஆர்சனல். சீசன் முடிவில் வுல்வ்ஸ் பத்தாவது. நார்விச் கடைசி, கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. ஆர்சனல் ஐந்தாவது. உச்சியில் மூன்றும் ஜெயித்த டாட்டன்ஹம். அதன் பயிற்சியாளர் நுனோ நவம்பர் முதல் தேதியே வேலை இழந்தார். மூன்று ஆட்டத்தில் 7 புள்ளியோடு மேலே இருந்த எவர்ட்டன் பதினாறாவதாக, தப்பித்தோம் பிழைத்தோம் என்று முடித்தது. முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹமிடம் தோற்ற மான்செஸ்டர் சிட்டி 93 புள்ளியோடு கோப்பையைத் தூக்கியது.

விவரம் தெரிந்தவர்களும் இதில் தப்பியதில்லை. 1995 ஆகஸ்ட் 19 அன்று மான்செஸ்டர் யுனைடெட் முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. அந்தக் கோடையில் அனுபவசாலிகள் மூன்று பேரை விற்றுவிட்டு, பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன் இளைஞர்களை இறக்கியிருந்தார். லிவர்பூலின் முன்னாள் கேப்டன் ஆலன் ஹான்சன் அன்றிரவு பிபிசியில், பொடியன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்றார். பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள் எல்லாம் அந்தப் பொடியன்களில் உண்டு. அந்த சீசனில் யுனைடெட் லீக்கையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்தே வென்றது. ஹான்சன் ஆட்டம் அறியாதவர் இல்லை. தண்டனையில் இருந்த யுனைடெட் ஆட்டக்காரர் கன்டோனா அக்டோபரில்தான் திரும்புவார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. கண்முன்னால் நடந்த தொண்ணூறு நிமிடத்துக்கு அவ்வளவு வலு இருக்கிறது.

"சரி, கோச்சை மாத்தியிருந்தா சீக்கிரமே சரியாகியிருக்குமே?" இது அடுத்த கேள்வி. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று சொல்வோம் இல்லையா? மோசமான ஓட்டத்தின் அடியில்தான் பயிற்சியாளரைத் தூக்குவார்கள். அங்கிருந்து போக இருக்கிற திசையே மேல்நோக்கித்தான். புதியவர் வந்ததும் அணி எழும், பெயர் அவருக்குப் போகும். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக்கை எடுத்துக்கொண்டு, ஆளை மாற்றிய அணிகளையும் அதே அளவு சரிந்தும் மாற்றாமல் விட்ட அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன. எப்போதுமே மாற்றக்கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆகஸ்டில் மாற்றுவதற்கு மூன்று ஆட்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது. ஆர்சனல் நிர்வாகம் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்ட்டேட்டாவை வைத்துக்கொண்டது. நான் அதை நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் எப்போதுதான் நம்புவது? நார்விச்சும் ஆர்சனலும் மூன்று ஆட்டத்துக்குப் பிறகு கோல் வித்தியாசத்தில்கூட ஒன்றுதான்: இருவருக்கும் கழித்தல் 9. பட்டியலை எவ்வளவு முறைத்தாலும் இருவரையும் பிரிக்க முடியாது. பட்டியலுக்கு வெளியே பார்த்தால் முடியும். ஆர்சனல் முந்தின வருடம் இதே லீக்கில் 61 புள்ளி எடுத்த அணி. நார்விச் அப்போதுதான் மேலே வந்த அணி. ஆர்சனலுக்கு யார் வரவில்லை, யார் வரப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். பத்து ஆட்டம் ஆனபோது பட்டியலும் பேச ஆரம்பித்துவிட்டது. ஆர்சனலுக்கு 17 புள்ளி, நார்விச்சுக்கு 2.

ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட மனமில்லை. 1976-இல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்தால் மாணவர்கள் 'நாம் ஜெயித்தோம்' என்றார்கள். தோற்றபோது அந்த 'நாம்' குறைந்து, 'அவர்கள் தோற்றுவிட்டார்கள்' என்பது கூடியது. அக்கா மகன் அந்த ஆகஸ்டில் ஒரு தடவைகூட 'அவங்க' என்று சொல்லவில்லை. கோச்சைத் திட்டும்போதும் 'உருப்படுவோம்' என்றுதான் சொன்னான். அந்த அன்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இனி கணக்கின் மறுபாதி. தொடக்கத்துத் தோல்வியை ஒன்றுமில்லை என்று தள்ளுகிறவர்களும் பாதிதான் சரி. ஒரு ஆட்டம் சாட்சியாக நின்றால் அதற்கு எடை குறைவு. புள்ளியாக நின்றால் எடை முழுசு. ஆகஸ்டில் விட்ட மூன்று புள்ளியும் மே மாதம் விட்ட மூன்று புள்ளியும் தராசில் ஒன்றேதான். 2022 மே 22 அன்று சீசன் முடிந்தபோது ஆர்சனல் 69 புள்ளியோடு ஐந்தாவது. டாட்டன்ஹம் 71 புள்ளியோடு நான்காவது. அந்த சீசனில் முதல் நான்கு இடத்துக்குத்தான் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு.

அந்த ராத்திரி அக்கா மகன் நியூகாசிலில் தோற்ற ஆட்டத்தைத்தான் நொந்துகொண்டிருந்தான். கடைசிக்கு முந்தின ஆட்டம், நினைவில் பச்சையாக இருந்தது. நான் ஒரு தாளில் 69 என்று எழுதி, அதன் கீழே 3 என்று எழுதினேன். "இது எந்த மேட்ச்?" என்று கேட்டான்.

"பிரென்ட்ஃபர்ட்."

கூட்டிப் பார்த்தான். 72. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ அன்னிக்கு நான் அழுதது சரிதானே மாமா?"

"அழுதது சரிதான்," என்றேன். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை ஏடு படிவதற்குள் குடித்துவிட்டான்.