மூவகைப் போட்டியும் முன்னேற்றக் கணக்கும்

நீந்துதல், சைக்கிள் மிதித்தல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒருவரே இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். தமிழில் மூவகைப் போட்டி எனலாம். கிரேக்கச் சொல்லாயிற்றே என்று இதைப் பண்டைய ஒலிம்பியாவுக்குக் கொண்டுபோய்விட வேண்டாம். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த விளையாட்டு இது. 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் சான் டியகோ நகரில், மிஷன் விரிகுடாவின் ஓரத்தில், 46 பேர் கூடித் தொடங்கிவைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இதற்கு இடம் கிடைத்தது. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பது ஒலிம்பிக் அளவு.

இதில் கலந்துகொள்வோருள் பெரும்பாலோர் பரிசை நாடி வருபவர் அல்லர். பகலில் ஓர் அலுவலும், மாலையில் குடும்பப் பொறுப்பும் உடையவர்கள். விடியற்காலையைத் திருடிப் பயிற்சி செய்பவர்கள். முதலிடம் இவர்களுக்கு எட்டாதது. அப்படியானால், தாம் முன்னேறினோமா இல்லையா என்பதை இவர்கள் எதைக் கொண்டு அறிவது? மாணவர்களாகிய உங்களுக்கும் ஆண்டுதோறும் எழும் கேள்விதான் இது.

என் பழைய மாணவர் ஒருவர், கூட்டுறவு வங்கியில் கணக்கர், நாற்பது வயதைக் கடந்தவர். சென்ற பருவத்தின் இறுதியில் தமது பயிற்சி நோட்டுடன் என்னிடம் வந்தார். கடற்கரையோரம் நடந்த ஒரு போட்டியில் முந்திய ஆண்டு 3 மணி 17 நிமிஷத்தில் முடித்திருந்தார். ஓராண்டு முழுதும் பயிற்சி செய்து, அதே போட்டியில் மறுபடி இறங்கினார். 3 மணி 22 நிமிஷம் ஆயிற்று. "ஐயா, ஒரு வருஷத்து விடியற்காலை அத்தனையும் வீண். சைக்கிளை விற்றுவிடப் போகிறேன்" என்றார். "தம்பி, விற்பதை நாளைக்கு வைத்துக்கொள், நோட்டை இங்கே கொடு" என்றேன்.

கணக்கர் ஆயிற்றே! கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் செய்தி வேறு. முந்திய ஆண்டு நீச்சல் 38 நிமிஷம், சைக்கிள் 86, ஓட்டம் 67. உடையும் காலணியும் மாற்றுவதற்கு 6. இவ்வாண்டு நீச்சல் 44, சைக்கிள் 92, ஓட்டம் 62, மாற்றத்திற்கு 4. இரண்டில் இழந்திருக்கிறார், இரண்டில் பெற்றிருக்கிறார். முந்திய ஆண்டு கடல் குளம்போலக் கிடந்ததென்றும், இவ்வாண்டு அலையும் காற்றும் மிகுந்திருந்தன என்றும் அவரே குறித்து வைத்திருந்தார். ஆனால், "காற்று போகும்போது எதிர்த்தால் வரும்போது உதவுமே ஐயா, சரிக்குச் சரியாகிவிடாதா?" என்று கேட்டார்.

ஆகாது. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். காற்றில்லாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 40 கிலோமீட்டரைக் கடக்க 80 நிமிஷம் ஆகும். எதிர்க்காற்றில் வேகம் 20 ஆகக் குறைந்து, திரும்பும்போது 40 ஆகக் கூடுகிறதென்று வையுங்கள். போக 60 நிமிஷம், வர 30 நிமிஷம், மொத்தம் 90. வேகங்களின் சராசரி 30 தான், ஆயினும் 10 நிமிஷம் போய்விட்டது. மெதுவான பாதியில் நாம் அதிக நேரம் கழிக்கிறோம் என்பதே காரணம். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் வாழ்க்கையில் எதிர்ப்படும்போது அடையாளம் தெரிவதில்லை.

இது காற்றின் வேலைதான் என்பதற்கு மேலும் சான்று வேண்டுமே. போட்டியின் முடிவுப் பட்டியல்கள் இரண்டையும் எடுத்துவரச் சொன்னேன். இரண்டு ஆண்டும் கலந்துகொண்டவர் 15 பேர் அதில் இருந்தனர். அவர்களுள் 13 பேர் முந்திய ஆண்டைவிடப் பிந்தியே முடித்திருந்தார்கள். வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவர் 12 நிமிஷம் பிந்தியிருந்தார். நம்மவர் பிந்தியதோ 5 நிமிஷமே. ஒரே வகுப்புக்குக் கடினமான வினாத்தாள் வந்தபோது ஒருவன் மதிப்பெண் குறைந்ததை மட்டும் பார்த்து அவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் நல்ல ஆசிரியர் அல்லர்.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஓட்டத்தைப் பற்றியது. முந்திய ஆண்டு முதல் 5 கிலோமீட்டருக்கு 30 நிமிஷமும் பின் 5 கிலோமீட்டருக்கு 37 நிமிஷமும் ஆகியிருந்தன. இவ்வாண்டு 31, 31. கடினமான நாளில், களைத்த கால்களோடு, பின்பாதி தளரவில்லை! இதன் அருமையை அறிய, தசைக்குள் நடப்பது என்னவென்று சிறிது பார்க்க வேண்டும்.

நாம் உண்ணும் சோற்றின் சத்து கிளைக்கோஜன் என்னும் பொருளாகத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. அது ஏறத்தாழ 500 கிராம்; அதாவது சுமார் 2,000 கலோரி. கொழுப்பு ஏராளமாக உண்டு, ஆனால் அது மெதுவாகவே எரியும். வேகத்தைக் கூட்டக் கூட உடல் கிளைக்கோஜனையே அதிகம் செலவிடும். தொடக்கத்தில் விரைந்தவன் கையிருப்பைக் கரைத்துவிட்டு முடிவில் தள்ளாடுவது இதனாலேயே. வெயிலும் உடலில் நீர் குறைவதும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

1982-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹவாய்த் தீவில் நடந்த நெடும்போட்டியை இங்கே சொல்ல வேண்டும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். ஜூலி மாஸ் என்ற உடற்கல்வி மாணவி, தமது கல்லூரி ஆய்வுக்காக இதில் இறங்கினார். பெண்களுள் முதலாவதாக வந்துகொண்டிருந்தவருக்கு முடிவுக் கோட்டை நெருங்குகையில் கால்கள் இற்றன. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கோடு கண்ணுக்கெதிரே இருக்க, காத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்றார். ஜூலி தவழ்ந்தே சென்று கோட்டைத் தொட்டார். இடைவெளி 29 விநாடி. தொலைக்காட்சியில் இதைக் கண்டு இவ்விளையாட்டுக்கு வந்தவர் பலர். அவரது துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தத் தவழலைப் பின்பற்றுமாறு எந்த மாணவருக்கும் சொல்லமாட்டேன். அந்நிலை வராமல் உடலைப் பழக்குவதே பயிற்சி.

நம் கணக்கர் ஆண்டு முழுதும் சனிக்கிழமைகளில் சைக்கிளை விட்டு இறங்கியவுடன், மரமாகக் கனக்கும் கால்களோடு, சிறிது தூரம் ஓடிப் பழகியிருந்தார். நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டாமல் 5 கிலோமீட்டர் ஓடுவதற்குப் பருவத் தொடக்கத்தில் அவருக்கு 37 நிமிஷம் வேண்டியிருந்தது. இறுதியில் 34 போதுமாயிற்று. விடியற்காலையில் படுக்கையில் எண்ணிய நாடி 70-லிருந்து 61-க்கு இறங்கியிருந்தது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். நோட்டில் இரண்டு வாரம் நாடி மறுபடி 68-க்கு ஏறி நின்றது. அது வங்கியில் ஆண்டுக்கணக்கு முடிக்கும் காலம், தூக்கம் குறைந்த நாட்கள். உடல் வலுப்பெறுவது உழைக்கும்போது அன்று, உழைப்புக்குப் பின் உறங்கும்போது.

நீச்சல் மட்டும் எஞ்சியது. அங்கே அலையின் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. வேகம் இரட்டித்தால் தண்ணீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே கையின் வலிமையைப் பெருக்குவதைவிட, கால்கள் தாழாமல் உடலை நீர்மட்டத்தில் நீட்டிவைப்பதே அதிகப் பயன் தரும். சைக்கிள் விற்கப்படவில்லை. அவர் இப்போது வாரம் மூன்று நாள் குளத்தில் 100 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி எழுதிவருகிறார். முதல் வாரம் 104. சென்ற வாரம் 92.