குழந்தைகளுடன் ஒரு கடற்பயணம்: கப்பல் ஏன் கவிழ்வதில்லை?

“அப்பா, இவ்வளவு உயரமாக இருக்கிறதே, இது கவிழ்ந்து விடாதா?”

அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பலின் அருகே நின்று அண்ணாந்து பார்க்கும் எந்தக் குழந்தைக்கும் இக்கேள்வி எழாமல் இராது. விடுமுறையைக் கழிக்கக் குழந்தை குட்டிகளுடன் வந்திருக்கும் பெற்றோர், “அதெல்லாம் கவிழாது, வா” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஏறி விடுவார்கள். பதில் சரிதான், ஆனால் அதில் விளக்கம் இல்லை. அன்றிரவு கப்பல் மெல்ல ஆடத் தொடங்கியதும் குழந்தையின் அச்சம் திரும்பி வரும். வயிற்றுப் புரட்டலும் அதனுடன் சேர்ந்து கொள்ளும்.

இந்த அச்சத்துக்கும் வயிற்றுப் புரட்டலுக்கும் உரிய விளக்கம் நமது இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் தெரிந்து கொண்டால் குழந்தைக்கு ஆறுதல் சொல்லலாம். கப்பலில் எந்த அறையை எடுப்பது என்றுகூட முடிவு செய்யலாம்!

எடையா, இடமா?

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ என்ற கப்பலை எடுத்துக்கொள்வோம். பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் கட்டப்பட்ட இக்கப்பல், அப்போது உலகிலேயே மிகப் பெரிய உல்லாசக் கப்பலாக விளங்கியது. குழந்தைகளுள்ள குடும்பங்களை எண்ணியே அமைக்கப்பட்டது. நீளம் 365 மீட்டர், நீர்மட்டத்தில் அகலம் ஏறத்தாழ 48 மீட்டர், தளங்கள் 20. பயணிகள் 7,600 பேர் வரை ஏறலாம். இவ்வளவு பெரிய கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழமோ சுமார் 9 மீட்டர்தான்!

இதன் அளவை ‘2,48,663 டன்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. இது கப்பலின் எடை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் மொத்த இடத்தைக் கொண்டு, 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி கணக்கிடப்படும் எண் அது. அந்த வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால், கப்பலின் உள்ளிடம் ஏறத்தாழ 7.8 லட்சம் கன மீட்டர் என்று கிடைக்கும்.

உண்மையான எடை எவ்வளவு? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தின்படி, மிதக்கும் பொருளின் எடை அது விலக்கிய நீரின் எடைக்குச் சமம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, கூம்பிய முனைகளுக்காகச் சிறிது கழித்துக்கொண்டால், எடை தோராயமாக ஒரு லட்சம் டன் என்று நாமே கணக்கிட்டு விடலாம். ஒரு லட்சம் டன்னை 7.8 லட்சம் கன மீட்டரால் வகுத்துப் பாருங்கள். கன மீட்டருக்கு சுமார் 130 கிலோகிராம். நீரின் அடர்த்தியோ 1,000 கிலோகிராம். ஆகவே எஃகால் ஆன இக்கப்பலின் சராசரி அடர்த்தி, கிட்டத்தட்டத் தக்கையின் அடர்த்திதான். அது மிதப்பதில் வியப்பில்லை.

மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு. ஒரு தக்கையை நீரில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உடனே சாய்ந்து படுத்து விடும். கப்பல் ஏன் அவ்வாறு சாய்வதில்லை?

தலையாட்டி பொம்மை சொல்லும் பாடம்

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நீங்கள் அறிவீர்கள். எவ்வளவு தள்ளினாலும் ஆடி ஆடி நிமிர்ந்து நிற்கும். “அடியில் கனம் இருப்பதால் நிமிர்கிறது” என்று சொல்லி விடுகிறோம். இன்னும் சற்றுக் கூர்ந்து நோக்குவோம்.

பொம்மையின் அடிப்பாகம் உருண்டையானது. பொம்மை சாயும்போது, அது தரையைத் தொடும் இடமும் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. தொடும் இடத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு வரைந்தால், அது அடி உருண்டையின் மையத்தின் வழியே செல்லும். பொம்மையின் ஈர்ப்பு மையம் இந்த உருண்டை மையத்துக்குக் கீழே இருந்தால் பொம்மை நிமிரும். மேலே இருந்தால் விழும். அவ்வளவுதான் இரகசியம்.

கப்பலிலும் இதுவே நிகழ்கிறது. நீரின் மேல்நோக்கு விசை, கப்பலின் அமிழ்ந்த பகுதியின் நடுப்புள்ளி வழியாகச் செயல்படுகிறது. இதற்கு மிதப்பு மையம் என்று பெயர். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகமாக அமிழ்கிறது. எனவே மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்கிறது. அங்கிருந்து நேர் மேலே வரையும் கோடு, கப்பலின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்தப் புள்ளியை ‘மெட்டாசென்டர்’ என்பார்கள். 1746இல் வெளிவந்த தமது நூலில் இதை விளக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் பூகேர். பொம்மைக்கு உருண்டை மையம் எதுவோ, அதுவே கப்பலுக்கு மெட்டாசென்டர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும் வரை கப்பல் சாய்ந்தாலும் நிமிரும்.

மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? அது கப்பலின் அகலத்தைப் பொறுத்தது. அமிழும் ஆழம் மாறாமல் அகலம் இரண்டு மடங்கானால், மிதப்பு மையத்துக்கு மேல் மெட்டாசென்டரின் உயரம் நான்கு மடங்காகும். 48 மீட்டர் அகலமும் 9 மீட்டர் ஆழமும் உள்ள கப்பலில் அது மிதப்பு மையத்துக்கு 20 மீட்டருக்கும் மேலே அமைந்து விடும். எனவே கனமான எந்திரங்களையும் எரிபொருள் தொட்டிகளையும் அடியில் வைத்து, மேல் தளங்களை இயன்றவரை இலேசாகக் கட்டினால், இருபது தளங்களையும் கவலையின்றி ஏற்றலாம். ஆழம் அல்ல, அகலமே இக்கப்பலுக்குக் காவல்.

இந்தக் கணக்குத் தெரியாத காலத்தில் நேர்ந்ததைச் சுவீடன் நாடு மறக்கவில்லை. 1628இல் ‘வாசா’ என்ற போர்க்கப்பல், மேலே அளவுக்கு மீறிய கனத்துடன் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதற்பயணம் புறப்பட்டது. சுமார் 1,300 மீட்டர் தூரமே சென்றது. ஒரு காற்று அடித்தது; சாய்ந்தது; பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. 1961இல் வெளியே எடுக்கப்பட்ட அக்கப்பலை இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் காணலாம்.

நிமிரும் வேகமும் தொல்லையே

அப்படியானால் ஈர்ப்பு மையத்தை இன்னும் இன்னும் கீழே இறக்கி விடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஆடும் கப்பல் ஓர் ஊசலைப் போன்றது. ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடையேயுள்ள தூரம் கூடக்கூட, கப்பல் விசையுடன் வெடுக்கென்று நிமிரும். அலைவு காலம் குறையும். 48 மீட்டர் அகலக் கப்பலில் இத்தூரம் 3 மீட்டர் என்று கொண்டால், ஒருமுறை ஆடி மீள ஏறத்தாழ 22 வினாடி ஆகும். அதையே 12 மீட்டராக்கினால் 11 வினாடியில் ஆடி மீளும். தட்டுகள் மேசையிலிருந்து பறக்கும். நடக்கும் குழந்தை தடுக்கி விழும். எனவே கப்பலை வடிவமைப்பவர் இத்தூரத்தைக் கவிழாத அளவுக்குப் பெரியதாகவும், வயிற்றைக் கலக்காத அளவுக்குச் சிறியதாகவும் வைக்கிறார். கப்பல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்வது பலவீனமல்ல. திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு.

எஞ்சிய ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கங்களிலும், நீருக்கடியில், மீனின் துடுப்பைப் போன்ற தகடுகள் நீள்கின்றன. இவை விமான இறக்கையைப் போலவே செயல்படுகின்றன. கப்பல் சாயத் தொடங்குவதைக் கருவி உணர்ந்தவுடன், ஒரு பக்கத் தகடு மேல்நோக்கியும் மறுபக்கத் தகடு கீழ்நோக்கியும் விசை தருமாறு திரும்புகின்றன. இவ்விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகி விடும். கப்பல் வேகம் குறையும்போது ஆட்டம் சற்றுக் கூடுவது போல் தோன்றினால் காரணம் இதுவே.

நீச்சல் குளமும் தட்டிலுள்ள நீரும்

குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது மேல் தளத்து நீச்சல் குளம். ஐகானில் 7 குளங்கள் இருக்கின்றன. உயரத்தில் இவ்வளவு நீர் இருப்பது ஆபத்தில்லையா?

ஒரு பெரிய தாம்பாளத்தில் சிறிது நீர் ஊற்றி, கையில் ஏந்தி நடந்து பாருங்கள். சற்றே சாய்ந்தால் போதும், நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். இப்போது தாம்பாளத்துக்குப் பதில், அதே நீரை நான்கு தம்ளர்களில் ஊற்றி ஏந்திச் செல்லுங்கள். தொல்லை மிகவும் குறைந்து விடும். இந்த விளைவு நீர்ப்பரப்பின் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரு குளத்தின் நடுவே நீளவாட்டில் சுவர் எழுப்பி இரண்டாக்கினால் விளைவு கால் பங்காகக் குறையும். ஆகவே அகன்ற ஒரே குளத்தைவிடச் சிறு சிறு குளங்களே கப்பலுக்கு நல்லவை.

தடுப்பில்லாத அகன்ற தளத்தில் நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொடிய உதாரணம் ஒன்று உண்டு. 1987 மார்ச் 6ஆம் நாள், பெல்ஜியத்தின் ஸீப்ரூகா துறைமுகத்திலிருந்து ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற கப்பல் முன்கதவுகளை மூடாமலே புறப்பட்டது. கார்கள் நிறுத்தும் தளத்தில் கடல்நீர் புகுந்து ஒருபக்கம் ஓட, சில நிமிடங்களுக்குள் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் உயிரிழந்தனர். கப்பலைக் கவிழ்த்தது அதன் உயரமல்ல; உள்ளே ஓடிய நீர்.

எந்த அறை நல்லது?

ஆழ்கடலில் அலையின் நீளம், அலை வந்து போகும் காலத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கக் கிடைக்கும். 8 வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் 100 மீட்டர். ஐகான் போன்ற கப்பல் மூன்றரை அலைகளின்மேல் ஒரே சமயத்தில் படுத்திருக்கும். அதை முன்னும் பின்னும் ஆட்ட அந்த அலைகளால் இயலாது. 15 வினாடி அலையின் நீளமோ 351 மீட்டர். கப்பலின் நீளத்தை நெருங்கிய அலை அதுதான். அப்போதே முன்னும் பின்னும் ஏற்றமரப் பலகையைப் போல் ஆட்டம் தோன்றும்.

கப்பல் அவ்வாறு ஒரே ஒரு டிகிரி ஆடுவதாகக் கொள்வோம். நடுவிலிருந்து 180 மீட்டர் தள்ளி, அணியம் என்னும் முன்முனையில் படுத்திருக்கும் குழந்தை 3 மீட்டர் மேலே தூக்கப்படும். நடுவிலிருந்து 20 மீட்டர் தள்ளியுள்ள அறையிலோ 35 சென்டிமீட்டர்தான் ஏற்றம். பக்கவாட்டு ஆட்டத்துக்கும் இதே கணக்கு. உயரம் கூடக்கூட வீச்சு கூடும். எனவே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையே குழந்தைகளுக்கு உகந்தது. பெரும்பாலும் விலையும் குறைவு! சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறும் குடும்பத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

வயிறு ஏன் புரளுகிறது?

நமது உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்களும், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த பைகளும் உள்ளன. உடல் திரும்புவதையும் மேலும் கீழும் செல்வதையும் இவை மூளைக்கு உணர்த்துகின்றன. சன்னலில்லாத அறைக்குள் அமர்ந்து படக்கதை படிக்கும் குழந்தையின் கண், “எதுவும் அசையவில்லை” என்கிறது. காதோ, “அசைகிறோம்” என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். சுமார் 5 அல்லது 6 வினாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் செல்லும் அசைவு மிகவும் தொல்லை தருவது என்று சோதனைகள் காட்டியுள்ளன.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தொல்லை அரிது. 2 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்கே அதிகம். ஆகவே, “பிடிவாதம் செய்கிறான்” என்று பிள்ளையைக் கடிந்து கொள்ளாதீர்கள். கடலையே தொழிலாகக் கொண்ட ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனையும் இது விட்டு வைக்கவில்லை.

மருந்து எளியது. கண்ணையும் காதையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். குழந்தையைத் திறந்த தளத்துக்கு அழைத்துச் சென்று அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகமும் கைப்பேசியும் அப்போது வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மாத்திரை தேவையென்றால் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மருந்தைப் பாதியாக்கிக் குழந்தைக்குக் கொடுப்பது தவறு.

ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி

கப்பல் தானாகக் கவிழாது. ஆனால் மனிதர் தவறு செய்வதுண்டு. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிப் பக்கம் கிழிந்து சாய்ந்தது. கப்பலில் 4,200க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி அளித்தால் போதும் என்பது அப்போதைய விதி. இப்போது விதி மாறிவிட்டது. கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

எனவே கப்பலில் ஏறியதும் முதலில் நீச்சல் குளத்தைத் தேட வேண்டாம். உங்கள் குடும்பம் கூட வேண்டிய இடத்துக்குக் குழந்தையுடன் நடந்து சென்று வாருங்கள். குழந்தையின் அளவுக்கு உரிய மிதவை உடையைக் கேட்டு வாங்கி, ஒருமுறை அணிவித்துப் பாருங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

பிறகு இரவில் கப்பல் மெல்லச் சாயும்போது குழந்தை உங்கள் கையைப் பற்றினால், “பயப்படாதே, எண்ணு” என்று சொல்லுங்கள். இருவருமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இருபது எண்ணுவதற்குள் கப்பல் நிமிர்ந்து, மறுபக்கம் சாயத் தொடங்கியிருக்கும். தலையாட்டி பொம்மை கடலின்மேல் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதைக் குழந்தை தானே கண்டு கொள்ளும்.