சிரித்த கூட்டமும் சிறிய கைக்கருவியும்

2005ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 16ஆம் நாள். யப்பான் தேசத்தின் தலைநகராகிய டோக்கியோவை அடுத்துள்ள மக்குஹாரி மண்டபத்திலே வீடியோ விளையாட்டுக் கண்காட்சி ஒன்று நடைபெற்றுக்கொண்டிருந்தது. நின்டெண்டோ கொம்பனியின் தலைவர் சதோரு இவாட்டா மேடையிலே தோன்றினார். அக்கொம்பனி உருவாக்கிவந்த புதிய விளையாட்டுப் பொறியின் கைக்கருவி எத்தகையது என்பதை அறிந்துகொள்ள உலகெங்குமுள்ள விளையாட்டுப் பிரியர்கள் பல மாதங்களாகக் காத்திருந்தனர். அவர் உயர்த்திக் காட்டிய பொருளோ, வீட்டிலே தொலைக்காட்சிக்கு அருகிற் கிடக்கும் ரிமோட்டைப் போன்று நீண்டு மெலிந்து இருந்தது. ஒரு கையாற் பிடிக்கத்தக்கது, பொத்தான்களோ சிலவே.

செய்தி பரவியதும் சிலர் வியந்தனர், பலர் திகைத்தனர், நகைத்தோரும் குறைவல்லர். இதனைக் கொண்டு விளையாடுவது எங்ஙனம் என்பதே எங்கும் எழுந்த வினா. அந்த நகைப்பையும், அதற்குப் பின் நிகழ்ந்தவற்றையும் இன்று திரும்பிப் பார்க்கும்போது, ஒரு விளையாட்டுப் பொருளின் கதைக்கு அப்பாலும் நாம் அறியத்தக்க செய்தி ஒன்று அதிலே உண்டு. பழகிய கை புதிய கருவியை எவ்வாறு எடைபோடுகின்றது என்பதே அது.

கொம்பனிக்கு நேர்ந்த இக்கட்டு

நின்டெண்டோ நேற்று முளைத்த ஸ்தாபனமன்று. 1889ஆம் ஆண்டிலே, கியோட்டோ நகரத்திலே, மலர்ப் படங்கள் வரைந்த விளையாட்டுச் சீட்டுகளைச் செய்து விற்பதற்காகத் தொடங்கப்பட்டது. 1983இல் அது வெளியிட்ட பெமிக்கொம் என்னும் பொறி, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் வழக்கத்தை யப்பானிய இல்லங்களிலே நிலைநாட்டியது. அமெரிக்காவிலும் அது வேறு பெயரோடு பெருவெற்றி கண்டது. அப்பொறி 6 கோடியே 19 இலட்சம் விற்பனையாயிற்று. ஆயினும், அடுத்த பொறி 4 கோடியே 91 இலட்சமும், அதற்கடுத்தது 3 கோடியே 29 இலட்சமும், 2001இல் வெளிவந்த கேம்கியூப் 2 கோடியே 17 இலட்சமும் மாத்திரமே விற்பனையாயின. படிக்குப் படி இறக்கமே. அதேவேளை, போட்டியாளராகிய சோனி கொம்பனியின் பிளேஸ்டேஷன் 2 உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. சேகா என்னும் மற்றொரு யப்பானியக் கொம்பனியோ, போட்டிக்கு ஆற்றாது 2001ஆம் ஆண்டிலே பொறி செய்யும் தொழிலையே கைவிட்டது.

இந்நிலையிலே நின்டெண்டோவின் முன் இரு வழிகள் இருந்தன. ஏனையோரைப் போலத் தானும் மேலும் வேகமான, மேலும் தெளிவான படங்காட்டும் பொறியைச் செய்து, பழைய விளையாட்டுப் பிரியர்களைத் தன்பால் இழுப்பது ஒரு வழி. இதுவரை விளையாடாதவர்களை விளையாட அழைப்பது மற்றொரு வழி. 2002ஆம் ஆண்டிலே தலைமை ஏற்ற இவாட்டா இரண்டாவது வழியைத் தெரிந்தெடுத்தார். கைக்கருவி விசித்திரமாய் அமைந்தமைக்கு அதுவே காரணம்.

பொத்தான்கள் பெருகிய விதம்

1977இல் அமெரிக்காவிலே வெளியான அட்டாரிப் பொறியின் கைக்கருவியில் ஒரு கோலும் ஒரு பொத்தானுமே இருந்தன. எவரும் எடுத்த மாத்திரத்தே விளையாடலாம். பெமிக்கொம் கோலை நீக்கிச் சிலுவை வடிவான ஓர் அமைப்பையும் இரு முக்கிய பொத்தான்களையும் தந்தது. பின்னர் ஆண்டுதோறும் விளையாட்டுகள் சிக்கலாயின, பொத்தான்களும் பெருகின. பிளேஸ்டேஷன் 2இன் கைக்கருவியிலே சிலுவை ஒன்று, சிறு கோல்கள் இரண்டு, முகப்பிலே பொத்தான்கள் நான்கு, தோட்புறத்திலே இன்னும் நான்கு என எல்லாம் நிறைந்திருந்தன.

சிறுவயது முதல் இதனோடு வளர்ந்தவனுக்கு இது ஒரு சுமையன்று. வீணை பயின்றவனின் விரல் பாராமலே தந்தியைச் சென்றடைவது போல, அவன் விரலும் வேண்டிய பொத்தானைத் தானே சென்றடையும். ஆனால், அவனுடைய தாயோ தந்தையோ பாட்டனாரோ அதனைக் கையிலெடுத்தால், எதனை அழுத்துவதென்று தெரியாது கீழே வைத்துவிடுவர். ஒரே வீட்டிலே, ஒரே தொலைக்காட்சியின் முன், ஒருவன் விளையாட மற்றையோர் எழுந்து செல்லும் நிலை உண்டாயிற்று. அக்கருவி ஒருவனுக்குக் கதவாகவும் மற்றையோர்க்குச் சுவராகவும் நின்றது.

மேடையிலே திரையிட்ட காட்சி

இவாட்டா அன்று காண்பித்த குறும்படத்திலே விளையாட்டுகள் எவையும் தோன்றவில்லை. விளையாடும் மனிதர்களே தோன்றினர். ஒருவர் தூண்டில் வீசினார். மற்றொருவர் வாள் சுழற்றினார். வேறொருவர் இசைக்குழுவை நடத்துபவர் போலக் கையை அசைத்தார். இளைஞரோடு முதியோரும் அங்கே இடம்பெற்றனர். இந்தப் படமே மறுமொழிகளை இரண்டாகப் பிரித்தது எனலாம்.

நெடுநாள் விளையாட்டுப் பிரியர்களுட் பலர் எழுப்பிய ஐயங்கள் அற்பமானவையல்ல. மணிக்கணக்காகக் கையை வீசினாற் களைப்பு ஏற்படாதா? தாம் விரும்பும் நீண்ட விளையாட்டுகளுக்கு இத்தனை குறைந்த பொத்தான்கள் போதுமா? ஏனைய கொம்பனிகளின் பொறிகளுக்கென எழுதப்படும் விளையாட்டுகளை இதிலே எவ்வாறு விளையாடுவது? இவ்வையங்களின் அடியிலே சொல்லப்படாத மனத்தாங்கலொன்றும் இருந்திருக்கும். இருபது ஆண்டுகள் பயின்று பெற்ற விரற்றிறன் இனி வேண்டுவதில்லை என்று ஒரு கருவி கூறுவது போலத் தோன்றினால், அத்திறனை உடையவன் மனம் நோவது இயல்பேயன்றோ?

மறுபுறத்திலே, அக்கருவியைத் தனியறையிலே கையிற் பிடித்துச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்ற பத்திரிகையாளர் சிலரும் விளையாட்டுகளை ஆக்குவோர் சிலரும் நம்பிக்கையோடு எழுதினர். படத்தைப் பார்த்தோர் ஐயுற, தொட்டுப் பார்த்தோர் மகிழ்ந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

2006ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே பொறிக்கு ‘வீ’ என்று பெயர் சூட்டப்பட்டபோது நகைப்பு இரட்டித்தது. ஆங்கிலத்திலே சிறுபிள்ளைகள் சிறுநீரைக் குறிக்க வழங்கும் சொல்லோடு அதன் ஒலி ஒத்திருந்தமையே காரணம். கொம்பனியோ, அஃது ஆங்கிலத்தில் ‘நாம்’ எனப் பொருள்படும் சொல்லின் ஒலியென்றும், பெயரின் ஈற்றிலே அருகருகே நிற்கும் இரண்டு எழுத்துகள் இருவர் கூடி நிற்பதைக் காட்டுவனவென்றும் விளக்கம் கூறியது.

கருவி தொழிற்படும் முறை

மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது இதன் நுட்பம். கைக்கருவியினுள்ளே வேகமாற்றத்தை அளக்கும் மிகச்சிறிய உணரி ஒன்று உண்டு. கை மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் அசையும்போது, அவ்வசைவை மூன்று திசைகளிலும் அது அளக்கின்றது. அளந்த செய்தி கம்பியின்றிப் பொறியைச் சென்றடைகின்றது.

கருவியின் நுனியிலே, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைக் காணும் கமெரா இருக்கின்றது. தொலைக்காட்சியின் மேலோ கீழோ வைக்கப்படும் மெல்லிய சட்டத்தின் இரு முனைகளிலும் அவ்வொளியை உமிழும் சிறு விளக்குகள் உள்ளன. அவ்விரு ஒளிப்புள்ளிகளும் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு, திரையின் எப்பகுதியை நாம் சுட்டுகின்றோம் என்பதைக் கமெரா கணிக்கின்றது. அச்சட்டம் எதனையும் உணர்வதில்லை. ஒளி தருவதே அதன் பணி. ஆகவே அதற்குப் பதிலாக இரு மெழுகுதிரிகளை இடைவெளிவிட்டு ஏற்றி வைத்தாலும் கருவி தொழிற்படும். எவரும் கண்டிராத அற்புதப் பொருள் எதுவும் இதிலே இல்லை. மலிவான உறுப்புகளைப் புதிய நோக்கத்திற்காக ஒன்றுசேர்த்தமையே இதன் புதுமை.

கையிலே பட்டபின்

2006ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே நடைபெற்ற கண்காட்சியில், யாவரும் அப்பொறியைத் தொட்டு விளையாட முதன்முறையாக வாய்ப்புக் கிட்டியது. கதவு திறந்ததும் கூட்டம் நின்டெண்டோவின் கூடத்தை நோக்கி விரைந்தது. பல மணி நேரம் வரிசையிலே காத்து நின்றனர். அதே கண்காட்சியை ஒட்டிச் சோனி கொம்பனி தனது புதிய கைக்கருவியிலும் அசைவை உணரும் அமைப்பு இருப்பதாக அறிவித்தது.

அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் ‘வீ’ அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தது. விலை 250 டொலர். அதே மாதத்தில் அங்கு வெளியான பிளேஸ்டேஷன் 3இன் விலை 500, 600 டொலர். யப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் டென்னிஸ், பேஸ்போல், கோல்ப், குத்துச்சண்டை, பந்துருட்டல் ஆகிய ஐந்தும் அடங்கிய விளையாட்டுத் தட்டொன்றும் பொறியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. டென்னிஸ் மட்டையை வீசுவது போலக் கையை வீசினால், திரையிலுள்ள உருவமும் வீசியது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பேரனும் பாட்டியும் ஒரே சோபாவின் முன் எழுந்து நின்று விளையாடினர். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதியோர் இல்லங்களிலே பந்துருட்டல் போட்டிகள் நடைபெற்றன; மருத்துவமனைகள் சிலவற்றிலே கைகால் பயிற்சிக்கும் அது பயன்பட்டது. பல மாதங்கள் கடைகளிலே பொறி கிடைப்பதே அரிதாயிற்று. ஈற்றில் 10 கோடியே 16 இலட்சம் பொறிகள் விற்பனையாயின.

நகைத்தோர் கூற்றிலும் உண்மை உண்டு

இவ்வெற்றியைக் கண்டு, நகைத்தோர் அனைவரும் அறிவிலிகள் என்று முடிவு செய்வது நீதியாகாது. விளையாட்டின் உற்சாகத்திலே கைக்கருவி நழுவிப் பறந்து தொலைக்காட்சியைத் தாக்கிய சம்பவங்கள் நிகழ்ந்தன. 2006ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலேயே ஏறக்குறைய 32 இலட்சம் மணிக்கட்டு நாடாக்களை மாற்றிக் கொடுக்கக் கொம்பனி முன்வந்தது. கையின் அசைவை அக்கருவி முற்றாகப் பின்பற்றவுமில்லை. திருப்பங்களை நுணுக்கமாய் அறிவதற்கென 2009இல் மேலும் ஓர் உறுப்பை வெளியிட வேண்டியதாயிற்று. அயற் கொம்பனிகளின் பெரிய விளையாட்டுகள் பலவும் இப்பொறிக்கு வரவில்லை. புதுமை தீர்ந்ததும் பல வீடுகளிலே பொறி அலுமாரியிற் புகுந்தது. முதல்நாளிலே எழுந்த ஐயங்களுட் சில மெய்யாயின என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விசித்திரமான கருவி எப்போதும் வெல்லும் என்பதும் பொய். அதே கொம்பனி, அதே இவாட்டாவின் தலைமையில், 2012ஆம் ஆண்டிலே ‘வீ யு’ என்னும் பொறியை வெளியிட்டது. அதன் கைக்கருவியின் நடுவிலே திரையொன்று பதிந்திருந்தது. அது புதிய பொறியா, பழைய பொறியின் துணையுறுப்பா என்றே பலருக்கு விளங்கவில்லை. 1 கோடியே 35 இலட்சம் மாத்திரமே விற்பனையாகி, அதன் உற்பத்தி 2017இல் நின்றது. இம்முறை ஐயுற்றோரின் கணிப்பே வென்றது.

இரண்டு கருவிகளும் விசித்திரமானவையே. இரண்டும் ஐயத்தோடு வரவேற்கப்பட்டவையே. ஆயின் வேறுபாடு எங்கே உளது? முதலாவது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் எண்பது வயது மூதாட்டியும் கையிலெடுத்த கணமே உணர்ந்தனர். இரண்டாவது, எவருக்காக, எதற்காக என்பதைப் பலமுறை விளக்கியும் உணர்த்த முடியவில்லை.

எனவே புதிய பொருளொன்றைக் காணுந்தோறும், அது நமக்குப் பழக்கமானதைப் போல இருக்கின்றதா என்று கேட்பது போதாது. இஃது யாருக்காக ஆக்கப்பட்டது, அவர் கையிலே இது எவ்வாறு அமைகின்றது என்று கேட்டல் வேண்டும். 2005ஆம் ஆண்டிலே சிரித்தவர்கள் தம் கைகளை மாத்திரம் எண்ணிச் சிரித்தனர். விளையாட்டு நடக்கும் அறையிலே இதுவரை இடம்பெறாது அடுக்களையிலும் சாய்வுநாற்காலியிலும் இருந்த கைகள் எத்தனையோ என்பதை அவர்கள் எண்ணவில்லை. அக்கைகளை எண்ணியவர் அன்று மேடையிலே நின்றார்.